கொரிய பார்பிக்யூ மேசையில் இறைச்சி எப்படி வேகிறது?

கொரிய பார்பிக்யூ கடையில் அடுப்பு நம் மேசைக்கு நடுவிலேயே இருக்கும். இடுக்கியும் கத்தரிக்கோலும் பெரும்பாலும் நம் கையில்தான். அதனால் வெப்பம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் அதே இறைச்சி இன்னும் எவ்வளவோ ருசியாக வரும்.

முதலில் தண்ணீர். கொழுப்பில்லாத இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மேற்பரப்பில் ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, கொடுக்கிற சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். பொன்னிறமும் அந்த வறுத்த வாசனையும் மெயார் வினையால் வருபவை. 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மெயார் இதை விவரித்தார்: அமினோ அமிலங்களும் குளுக்கோஸ் போன்ற சில சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. இது வேகமாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அடுப்பின் மேலுள்ள சுடும் தட்டு காய்வதற்குள் போட்டாலோ, இடைவெளியே விடாமல் அடுக்கினாலோ, இறைச்சி தன் நீரிலேயே அவிந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும். அவசரப்படாமல் நாலு துண்டு நாலு துண்டாகப் போடுவதுதான் சரி.

பன்றி வயிற்று இறைச்சியான சம்க்யொப்சால் வேறு மாதிரி. அதில் கொழுப்பு அடுக்கடுக்காக இருப்பதால் எண்ணெயே தேவையில்லை, சூடேற ஏற அதுவே உருகி வழியும். இதற்கான தட்டு பல கடைகளில் கனமான வார்ப்பிரும்பு, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கனம் எதற்கு என்றால், குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் தட்டின் சூடு சட்டென்று இறங்காது. சாய்வு எதற்கு என்றால், கொழுப்பு தேங்கினால் வறுப்பது பொரிப்பதாக மாறிவிடும். வழிகிற பாதையில் கிம்ச்சியை, அதாவது காரம் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸை, வைத்தால் அந்தக் கொழுப்பிலேயே வதங்கும், எனக்கு இறைச்சியைவிட அதுதான் பிடிக்கும்.

கரி அடுப்பில் கம்பி வலை வைத்துச் சுடும்போது கொழுப்பு நேரே தணலில் சொட்டிப் புகையாகிறது. வாசனை அதில்தான். பென்சோபைரீன் மாதிரி புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அந்தப் புகையில் உண்டு, அதோடு கரி கார்பன் மோனாக்சைடையும் விடும். மேலே தொங்குகிற உறிஞ்சு குழாயை இறக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சூடான புகை மேலே போகப் போகச் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு அகலமாகிவிடும், அப்புறம் அதை முழுவதும் பிடிக்க ரொம்பப் பெரிய விசிறி வேண்டும். குழாய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் சின்ன இழுப்பே போதும்.

இனி கல்பி, அதாவது விலா இறைச்சி. சியோலுக்குத் தெற்கே இருக்கும் சுவோன் நகரம் மாட்டு கல்பிக்குப் பேர்போனது. பல இடங்களில் கல்பியை சோயா சாஸ், பூண்டு, நல்லெண்ணெய், சர்க்கரையோடு துருவிய கொரியப் பேரிக்காயும் சேர்த்து ஊறவைப்பார்கள். அந்தப் பேரிக்காய்க்கு இங்கே இரட்டை வேலை. அதில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது, அது மேற்பரப்பை மெதுவாக இளக்கும். கிவியில் இருக்கிற ஆக்டினிடின் இதைவிட மூர்க்கம், நேரம் கூடிவிட்டால் இறைச்சி கூழாகிவிடும். இரண்டாவது வேலை சர்க்கரை சம்பந்தப்பட்டது. நாம் வாங்குகிற வெள்ளைச் சர்க்கரை உடைந்து பிரிந்தால்தான் மெயார் வினைக்குள் வர முடியும், பேரிக்காயின் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் நேரடியாகவே சேர்ந்துகொள்ளும். அதனால் நிறம் சீக்கிரம் ஏறுகிறது, அதே காரணத்தால் சீக்கிரம் கருகவும் செய்கிறது. ஊறவைத்த துண்டைத் தணல் கொஞ்சம் அடங்கிய இடத்தில் போட்டு அடிக்கடி திருப்ப வேண்டும்.

ஊறவைக்காத இறைச்சியை முதலிலும் கல்பியைப் பிறகும் சுடும் வழக்கத்துக்கும் இதுதான் காரணம். வரிசை மாறினால் வலையில் ஒட்டிக் கருகிய சர்க்கரையின் கசப்பு அடுத்து வருகிற எல்லாத் துண்டிலும் ஏறும். வலை கறுத்துவிட்டால் கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள், கொரியாவில் அது சாதாரணமாகக் கேட்கிற விஷயம்.

பூண்டையும் விடக்கூடாது. பச்சையாக நறுக்கியதும் அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்து காரமான அல்லிசினை உண்டாக்கும். முழுப் பல்லாகவே தட்டின் ஓரத்தில் வைத்துச் சுட்டால் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும், காரம் போய் இனிப்பு மட்டும் நிற்கும். இறைச்சியை லெட்யூஸ் இலையில் மடிக்கும்போது கொழுப்பு அதிகமான துண்டுக்குப் பச்சைப் பூண்டும், இனிப்பான கல்பிக்குச் சுட்ட பூண்டும் வைத்துப் பாருங்கள்.