எந்த மொழியில் கேட்டால் வகுப்பு பேசும்?

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பள்ளியின் முன்சுவரில் கொட்டை எழுத்தில் ‘உமோஜா நி ங்குவு’ என்று எழுதியிருக்கும். இந்த ஊர் மொழியான சுவாஹிலியில் ஒற்றுமையே பலம் என்று அர்த்தம். அந்தச் சுவருக்குக் கீழேதான் போன வருடம் ஒரு நாள், பக்கத்து நாடான புருண்டியிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவனை மற்றவர்கள் ‘ம்கிம்பிஸி’ என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அகதி என்று அர்த்தம்.

அவன் பிறந்ததே தான்சானியாவில். 1972-ல் புருண்டியில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர் அவன் தாத்தா. அப்படி வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று சுமார் 1,62,000 பேருக்குக் குடியுரிமை தருவதாக 2014-ல் தான்சானியா அறிவித்தது. கூப்பிட்ட பையன்களுக்கு இது தெரியாது. எனக்கே அன்று இரவு தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. வரலாற்று ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

முதலில் திட்டினேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. நான் இல்லாத இடத்தில் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் மே 25 வந்தது, ஆப்பிரிக்க தினம். 1963-ல் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கிய நாள். கானாவின் தலைவர் இன்க்ரூமா உடனே ஆப்பிரிக்கா முழுக்க ஒரே அரசு வேண்டும் என்றார். தான்சானியாவின் (அன்று டாங்கனிக்கா) தலைவர் நைரேரே, முதலில் அக்கம்பக்கத்து நாடுகள் சேரட்டும், படிப்படியாகப் போவோம் என்றார். இத்தனைக்கும் 1960-லேயே, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெறுமென்றால் தன் நாட்டின் விடுதலையைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் தயார் என்றவர் அவர். வகுப்பை இரண்டாகப் பிரித்து, இதையே விவாதமாக வைத்தேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் சுவாஹிலியில். மேல்நிலைக்கு வந்ததும் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன எனக்கு அந்த மௌனம் நன்றாகவே தெரியும். பதில் தெரியாமல் இல்லை, வாக்கியம் தப்பாகிவிடுமோ என்ற பயம். சரி, சுவாஹிலியில் பேசுங்கள் என்றேன். அவ்வளவுதான், வகுப்பை அடக்க முடியவில்லை. 2022-ல், அந்த ஒற்றுமை அமைப்பின் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியம் சுவாஹிலியைத் தன் அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியே இருக்கவில்லை.

ஆனால் மலாவியிலிருந்து வந்து சில மாதமே ஆகியிருந்த ஒரு பெண், ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறவள், அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகுதான் கவனித்தேன். எல்லோரையும் சேர்க்கிறேன் என்று ஒருத்தியை வெளியே தள்ளியிருக்கிறேன். இப்போது எங்கள் வகுப்பில் யார் பேசினாலும் மொழி அவர்கள் விருப்பம். பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்க வேண்டும். நேரம் இரட்டிப்பாகிறது. போர்ஷன் முடியவில்லையே என்று தலைமையாசிரியர் கேட்பது நியாயம்தான். நானும் ஒவ்வொரு முறையும் சமாளிக்கிறேன்.

விவாதத்தை விட உதவியது ஒரு வீட்டுப்பாடம்: பாட்டி எங்கே பிறந்தார், அவர் வீட்டு அடுப்படியில் என்ன மொழி என்று கேட்டு வாருங்கள். வரைபடத்தில் குண்டூசி குத்தினோம். எல்லைக்கு அந்தப் பக்கம் கென்யாவில் மாசாய் உறவுகள், காங்கோவில் ஒரு பெரியப்பா. ‘ம்கிம்பிஸி’ என்று முதலில் கூப்பிட்டவனின் பாட்டி, ருவுமா ஆற்றுக்கு அக்கரையில் மொசாம்பிக்கில் பிறந்த மக்கொண்டே இனத்தவர். விடுதலைப் போரின்போது ஆற்றைக் கடந்து வந்தவர். அப்போ நீ யார் என்று வகுப்பே திரும்பியது. “அது வேற, நாங்க மக்கொண்டே, ரெண்டு கரையும் எங்களோடதுதான்” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நடுவில் அந்த எல்லைக்கோட்டைப் போட்டது யார் என்று அங்கிருந்து பாடம் தானாகப் போனது.

இதெல்லாம் இந்த ஊரின் சொந்தக் கதை. மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோ 1962-ல் தொடங்கப்பட்டது இதே தார் எஸ் சலாமில். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்குத் தப்பி ஓடிவந்த இளைஞர்களுக்காக மொரொகோரோ அருகே மசிம்புவில் ஒரு பள்ளியே நடந்தது. அந்தத் தென்னாப்பிரிக்காவில்தான் 2008-ல் வெளிநாட்டு ஆப்பிரிக்கர்களைத் துரத்தித் துரத்தித் தாக்கினார்கள்; 60-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மசிம்புவைப் பற்றிப் பாடத்தில் படித்திருந்தால் அந்தக் கும்பல் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். வேலையில்லாத கோபத்துக்குப் பாடப்புத்தகம் மருந்தாகாது. ஆனால் தன்னை வளர்த்த பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் வளர்கிற பிள்ளைக்கு, அந்த வீட்டுக்காரனை அந்நியன் என்று நம்பவைப்பது ரொம்பச் சுலபம்.

நம் ஊரிலிருந்து இங்கே ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வந்த முதல் மாதமே சுவாஹிலி படிக்கத் தொடங்குங்கள். சப்பாத்தி, சாய், காரி எல்லாம் அந்த மொழியிலும் இருக்கிறது. வண்டியைத்தான் காரி (gari) என்கிறார்கள். அதைக் ‘கறி’ என்று கேட்டு, நம் குழம்பு என்று நினைத்து நான் முழித்தது தனிக் கதை.

மலாவிப் பெண் இந்த மே மாத விவாதத்தில் தன் சிச்செவாவிலேயே பேசப் போகிறாளாம். மொழிபெயர்க்க வகுப்பில் ஆள் இல்லை. பள்ளி பஸ் டிரைவருக்கு அந்த மொழி தெரியும் என்று பையன்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவருக்கு அந்த நேரம் டிரிப் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.