'டிகிரி வெறும் பேப்பர்' என்று யார் சொல்கிறார்கள்?

பதினாறு வருடமாக மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுவதுதான் என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில். சனிக்கிழமைகளில் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறேன். அங்கே சம்பளம் கிடையாது. கொஞ்ச காலமாக இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு காதில் விழுகிறது. "டிகிரி எல்லாம் வெறும் பேப்பர். திறமை இருந்தாப் போதும்." பேச்சு ஒன்றுதான். அதற்கு ஆகும் செலவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

தனியார் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு தொழிலதிபர் வந்திருந்தார். (இங்கே வருபவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "மார்க் பின்னாடி ஓடாதீங்க. காலேஜ் உங்க கனவைக் கொன்னுடும்" என்றார். அரங்கம் முழுக்கக் கைதட்டல். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே மனிதர் மகனின் கோப்போடு என் அறையில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஐந்தின் பட்டியல். விண்ணப்பக் கட்டுரை எழுதப் பழக்குவதற்குத் தனி ஆசிரியர். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைப் பையன் ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருந்தான். "இந்த ஸ்கோர் போதுமா மேடம், இல்ல இன்னொரு தடவை எழுதட்டுமா?" என்று கேட்டார்.

அவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் சொன்னதை அவர் நம்பித்தான் சொன்னார். அவர் மகன் கல்லூரியைப் பாதியில் விட்டாலும் அப்பாவின் கம்பெனி இருக்கிறது, மாமாவின் கம்பெனி இருக்கிறது, வீடு இருக்கிறது. அந்தக் கருத்தை வைத்திருப்பதால் அவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. கிடைப்பதோ மரியாதை. 'எவ்வளவு முற்போக்கான அப்பா' என்று மற்ற பெற்றோர்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

1899-லேயே தோர்ஸ்டைன் வெப்லென் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பணக்காரர்கள் தங்கள் வசதியை ஊருக்குக் காட்டுவதற்காகவே செலவு செய்கிறார்கள் என்று எழுதினார். உடை, விருந்து, வேலை செய்யாமல் கழிக்கும் பொழுது எல்லாம் அதில் சேரும். 2019-இல் ராப் ஹெண்டர்சன் என்பவர் இதற்கு இன்றைய காலத்துக்கான தொடர்ச்சியைச் சொன்னார். அவர் கலிஃபோர்னியாவில் வளர்ப்புக் குடும்பங்களில் மாறி மாறி வளர்ந்து, விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு, யேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். அங்கே கூடப் படித்த ஒரு பெண், ஒருவனுக்கு ஒருத்தி என்ற திருமண வாழ்க்கையெல்லாம் பழைய கதை என்றாராம். அந்தப் பெண்ணோ அப்பா அம்மா இருவரோடும் நிம்மதியாக வளர்ந்தவர். தானும் அப்படித்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னவர். இந்த மாதிரிக் கருத்துகளுக்கு ஹெண்டர்சன் வைத்த பெயரைத் தமிழில் ஆடம்பர நம்பிக்கைகள் எனலாம். வசதியானவர்களுக்கு அவை அந்தஸ்தைக் கொடுக்கும். அதன் விலையைக் கீழே இருப்பவர்கள் கொடுப்பார்கள்.

நம் ஊரில் இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று போட்டிருக்கும். வாசல் பெயர்ப்பலகையிலும் அப்படித்தான். அன்றைக்கு டிகிரிதான் அந்தஸ்து. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்பவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். 2021-22-க்கான மத்திய அரசுக் கணக்கெடுப்பு சொல்வது இது; இந்திய அளவில் அப்போது 28.4. கட்டட வேலைக்குப் போகிறவரின் பெண் பி.எஸ்சி. படிக்கிறாள், ஆட்டோ ஓட்டுகிறவரின் பையன் பி.இ. படிக்கிறான். சரி, இனி டிகிரியை வைத்துத் தனியாகத் தெரிய முடியாது. அப்புறம்தான் சிலருக்கு அது வெறும் பேப்பர் ஆனது. எல்லார் கைக்கும் வந்த பிறகு அதை அலட்சியமாகப் பேச முடிவதே ஓர் அந்தஸ்து.

அந்தப் பேச்சு என் சனிக்கிழமைப் பள்ளிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பிளஸ் டூவில் 600-க்கு 487 வாங்கிய பையன் ஒருவன். அம்மா தையல் வேலை. ரிசல்ட் வந்த வாரம் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யக் கூப்பிட்டால், செல்போனை என் முன்னால் நீட்டினான். கோட் போட்ட யாரோ ஒருவர் அதே வாசகத்தைப் பேசிக்கொண்டிருந்தார். "பில் கேட்ஸே டிராப் அவுட் மேடம்" என்றான். கேட்ஸின் அப்பா சியாட்டிலில் பெயர் பெற்ற வக்கீல், 1968-லேயே கேட்ஸ் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் முனையம் இருந்தது, அவர் விட்டு வந்தது ஹார்வர்டை என்றெல்லாம் சொன்னேன். அவன் அம்மா, "நீங்க சொன்னாக் கேப்பான்னு நெனச்சேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, மாற்றுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரோடு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

பையன் உணவு டெலிவரி வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து, முழங்காலில் ஆறாத காயத்தோடு வந்தான். வங்கித் தேர்வு எழுத வேண்டுமாம். ஐபிபிஎஸ் கிளார்க் வேலைக்கே டிகிரி கேட்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கும் டிகிரி வேண்டும். பத்தாம் வகுப்பே போதும் என்பது குரூப் 4-க்குத்தான். அந்தப் பேப்பர் இல்லாமல் அவன் உள்ளே நுழைய முடியாத கதவுகளை ஒவ்வொன்றாக நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு என் கை நடுங்கியது.

டிகிரி இல்லாமல் முன்னேற வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பீட்டர் தீல் என்ற முதலீட்டாளர் 2011-இல், கல்லூரிக்கு வெளியே வந்து சொந்தமாக ஏதாவது செய்கிற இளைஞர்களுக்கு 1,00,000 டாலர் கொடுக்க ஆரம்பித்தார். அவரே ஸ்டான்ஃபோர்டில் இரண்டு பட்டம் வாங்கியவர் என்பது வேறு விஷயம். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் சொல்கிறவர்கள் பணத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். பிள்ளை தோற்றால் அவர்கள் பணமும் போகும். செல்போன் வீடியோவில் பேசியவர் அந்தச் சனிக்கிழமைப் பள்ளிப் பையனுக்கு என்ன வைத்தார்?

அதனால் இப்போது அரசுப் பள்ளிக்கு விருந்தினராக வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். "படிப்பைப் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும் சொல்லுங்கள். கூடவே, உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறார், எப்படிச் சேர்ந்தார் என்பதையும் சொல்லுங்கள்." இரண்டு பேர் அதோடு வரவில்லை.

போன பிப்ரவரியில் ஒருவர் வந்தார். பேச்சை ஆரம்பித்தவுடன், "என் பொண்ணு சட்டக் கல்லூரியில ரெண்டாம் வருஷம்" என்றார். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அதுக்கு என்ன பரீட்சை சார்?" அடுத்தவள், "ஃபீஸ் எவ்வளவு சார்?" பின்னாலிருந்து ஒரு பையன், "தமிழ் மீடியம்ல படிச்சாச் சேர முடியுமா?" அவர் எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸ் எடுத்தார். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் எப்படிக் கிடைக்கும் என்று நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவர் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த டெலிவரிப் பையன் இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முதல் வருடம். மாலை ஷிஃப்ட் மட்டும் ஓட்டுகிறான்.