ஐஸ்லதானே வச்சிருந்தேன்னு சொல்லாதீங்க

போன வாரமும் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்துச்சு. தென்காசிப் பக்கம் இருந்து ஒரு எம்எஸ்சி பிள்ளை, பெட்டிக்குள்ள பால்கன் டியூப், டியூப்புக்கு அடியில பெல்லட் (சென்ட்ரிபியூஜ்ல சுத்துனா அடியில படியுத பாக்டீரியாக் கட்டி), சுத்தி பாதி உருகுன ஐஸ். "சார், இது ஆஸ்பத்திரி கிளெப்சியெல்லா, மெரோபெனமே கேக்காது, மெட்டபோலைட் எடுத்து எல்சி-எம்எஸ்ல ஓட்டித் தரணும்"னு நிக்குது. கிளெப்சியெல்லாங்கது ஒரு பாக்டீரியா, மெரோபெனம் ஒரு ஆன்டிபயாட்டிக், மெட்டபோலைட்டுன்னா செல்லுக்குள்ள நடக்க வேதியியல்ல உண்டாகுத சின்ன மூலக்கூறு, எல்சி-எம்எஸ் அதையெல்லாம் பிரிச்சு அளக்குத மெஷின். எப்பம்மா ஸ்பின் பண்ணுனன்னு கேட்டா நேத்து சாயங்காலம், ராத்திரி பிரிட்ஜ்ல இருந்துச்சு, காலைல பஸ் ஏறிட்டேங்குது. ஓட்டித் தர மாட்டேன்னு சொன்னதும் முகம் வாடிப்போய், "ஐஸ்லதான சார் வச்சிருந்தேன்". இந்த ஒரு வரியை வருசாவருசம் ப்ராஜெக்ட் சீசன்ல பாளையங்கோட்டைல உக்காந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, அதான் எழுதிப் போடுதேன். பிள்ளைகள் படிங்க, கைடுமார் அவசியம் படிங்க.

ஐஸ் எதையும் நிறுத்தாது. மெதுவாக்கும், அவ்வளவுதான். டிஎன்ஏ எடுத்துப் பழகுன கைக்கு இது புரிய மாட்டேங்குது, ஏன்னா டிஎன்ஏ பெல்லட்டை பிரிட்ஜ்ல வச்சிட்டு மறுநாள் எடுத்தாலும் அதே டிஎன்ஏதான் வரும். மெட்டபோலைட் அப்படி இல்ல. வளந்துக்கிட்டு இருக்க ஈ.கோலை பாக்டீரியாக்குள்ள ஏடிபி (ATP, செல்லோட எனர்ஜி நாணயம்) 10 மில்லிமோலார் பக்கம் இருக்கும், ஆனா அந்த மொத்த ஏடிபியும் சில செகண்டுக்குள்ள செலவாகி திரும்ப உண்டாகிக்கிட்டே இருக்கு. செகண்டு. நீங்க பிளாஸ்க்கை ஷேக்கர்ல இருந்து எடுத்து, டியூப்ல ஊத்தி, பேலன்ஸ் பாத்து, மூடி, பத்து நிமிசம் சுத்தி, மேல இருக்கத கொட்டி முடிக்கதுக்குள்ள உள்ள என்னென்னமோ நடந்து முடிஞ்சிருக்கும்.

4 டிகிரி சென்ட்ரிபியூஜ் சார்னு அடுத்து சொல்லுவீங்க. சரி, அந்த டியூப்புக்குள்ள என்ன நடக்குன்னு யோசிச்சுப் பாருங்க. 37 டிகிரில இருந்த கல்ச்சர் (பாக்டீரியா வளந்த திரவம்) உடனே 4 டிகிரிக்கு வந்துராது, டியூப்பு குளுந்து வரவே சில நிமிசம் ஆகும். அதுக்குள்ள செல்லு எல்லாம் அடியில போய் நெருக்கிக்கிட்டு உக்காந்துரும், அங்க ஆக்சிஜன் கிடையாது, சாப்பாடு கிடையாது. சுவாசம் படுத்துரும், ஏடிபி இறங்கும், ஏடிபி செலவான பொறவு மிஞ்சுத ஏஎம்பி ஏறும், எலக்ட்ரான் சுமக்குத என்ஏடிஎச்சோட கணக்கு தலைகீழாயிரும். திடீர் குளிர்ச்சி பட்டா செல்லுக்குள்ள இருக்கது வெளிய கசியவும் செய்யும். அப்புறம் நான் அதை மெஷின்ல ஓட்டுனா பீக் வரும், அழகா வரும், சாப்ட்வேர் கலர்கலரா ஹீட்மேப் போட்டுக் கொடுக்கும், ஆனா அதுல தெரியது உங்க சென்ட்ரிபியூஜும் தென்காசி பஸ்ஸும்தான், நீங்க தேடுத ரெசிஸ்டன்ஸ் (மருந்து கேக்காத தன்மை) இல்ல.

நம்ம ஊர்ல பனையேறுதவங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். கலயத்துல சுண்ணாம்பைத் தடவிட்டுத்தான் பாளையில கட்டுவாங்க. இறக்கி வீட்டுக்குக் கொண்டு வந்து சுண்ணாம்பு போட்டுக்கிடலாம்னு எந்தப் பனையேறியும் நினைக்க மாட்டாரு, அதுக்குள்ள பதநீர் கள்ளாயிரும். குவென்சிங்குன்னு நாங்க சொல்லுதது அதுதான், நிறுத்தக்கூடிய பொருள் அங்கன முதல்லயே காத்துக்கிட்டு இருக்கணும்.

இன்னொண்ணு, உங்க சாம்பிள் கெட்டுப்போச்சான்னு எனக்குக் கண்டுபிடிக்க வழி இருக்கு. மூணு பாஸ்பேட் உள்ள ATP அளவோட, ரெண்டு பாஸ்பேட் உள்ள ADP அளவுல பாதியைக் கூட்டி, ATP, ADP, AMP மூணோட மொத்தத்தால வகுத்தா எனர்ஜி சார்ஜ் வரும். நல்லா வளருத பாக்டீரியாவுல அது 0.8க்கு மேல நிக்கும். உங்க சாம்பிள்ல 0.4ன்னு வந்தா ராத்திரி எங்க வச்சிருந்தீங்கன்னு நான் கேக்கவே வேண்டாம்.

இதுக்கு எதுக்கு இவ்வளவு கத்துதேன்னா, ரெசிஸ்டன்ஸ் ஆராய்ச்சில இந்தக் கெட்டுப்போற சாமான்தான் முக்கியமான சாமான். ஜென்டாமைசின், கானமைசின் மாதிரி மருந்து செல்லுக்குள்ள போகணும்னா சவ்வுல புரோட்டான் விசை வேணும், அது செல்லு தின்னு சுவாசிச்சாத்தான் வரும். 2011ல ஜேம்ஸ் காலின்ஸ் குழு, மருந்துக்குச் சாகாமப் படுத்துக்கிடந்த ஈ.கோலைக்கு மானிட்டால், பைருவேட் மாதிரி கொஞ்சம் தீனி கொடுத்து ஜென்டாமைசினும் போட்டா செத்துப்போகுதுன்னு காட்டுனாங்க. 2015ல சீனாவுல மீனுக்கு வியாதி கொடுக்க எட்வர்ட்சியெல்லால, கானமைசின் கேக்காத ஸ்ட்ரெயினுக்குள்ள (அதே பாக்டீரியாவோட ஒரு வகைக்குள்ள) அலனினும் குளுக்கோசும் குறைஞ்சிருக்குன்னு பாத்து, அதையே வெளிய இருந்து கொடுத்து மருந்தை வேலை செய்ய வச்சாங்க. அலனின் குறைஞ்சதா கூடுனதான்னு தப்பாப் படிச்சிருந்தா இந்தக் கதையே இல்லை.

செய்யத வழி ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. உங்க லேப்லயே செய்யலாம். கல்ச்சரை வேக்குவம் வச்சு 0.45 மைக்ரான் நைலான் பில்டர்ல இழுங்க, இழுத்த கையோட பில்டரைத் தூக்கி முன்னமே மைனஸ் 20ல குளுர வச்ச சால்வென்ட்ல கவுத்துப் போடுங்க. அசிட்டோநைட்ரைல் 40, மெத்தனால் 40, தண்ணி 20, அதுல கொஞ்சம் பார்மிக் ஆசிட், பொறவு அமோனியம் பைகார்பனேட் போட்டு அமிலத்தைச் சரிக்கட்டணும். ஸ்டாபிலோகாக்கஸ் மாதிரி தடிச்ச சுவர்க்காரனுக்கு பீட்ஸ் (பொடி மணிகள்) போட்டுக் குலுக்கி உடைக்கணும். கல்ச்சர்லயே நேரா குளுந்த மெத்தனாலை ஊத்துத பழைய முறை ஈஸ்ட்டுக்கு வந்தது, ஈ.கோலைல ஊத்துனா உள்ள இருக்கது வெளிய ஒழுகிரும். பாஸ்பேட் பபர்ல கழுவாதீங்க, அந்த உப்பு மெஷின்ல சிக்னலையே அமுக்கிரும். எக்ஸ்ட்ராக்ட் எடுத்த பொறவு மைனஸ் 80, வீட்டு பிரிட்ஜோட பிரீசர் இல்ல. எடுத்துக்கிட்டு வாரதுன்னா உலர் ஐஸ்ல வாங்க, அப்ப பஸ்ல வந்தாலும் எனக்குக் கவலை இல்ல.

எத்தில் அசிட்டேட்ங்குத சால்வென்ட் போட்டு எடுத்தேன்னு சொல்லுதவங்க தனி ரகம். மண்ணுல இருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வளத்து அது வெளிய விடுத ஆன்டிபயாட்டிக்கைப் பிடிக்கத்தான் அந்த முறை, ப்ராத்ல (பாக்டீரியா வளருத திரவத்துல) இருந்து எடுக்கது. உங்களுக்கு வேண்டிய அமினோ ஆசிட், ஏடிபி எல்லாம் அதுல வராம தண்ணிப் பக்கமே நின்னுக்கிடும், நீங்க அந்தத் தண்ணியத்தான் சிங்க்ல கொட்டுதீங்க.

ஒப்பிடுததுலயும் கொஞ்சம் நிதானம் வேணும். மேலப்பாளையத்துக்காரர் யூரின்ல வந்த ரெசிஸ்டன்ட் ஸ்ட்ரெயினையும் அம்பாசமுத்திரத்துக்காரர் சளில வந்த சென்சிட்டிவ் ஸ்ட்ரெயினையும் பக்கத்துல வச்சு, வித்தியாசம் பூராவும் ரெசிஸ்டன்ஸால வந்ததுன்னு எழுதாதீங்க, அது ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் வித்தியாசம் இருக்கும். ஒரே தாய் ஸ்ட்ரெயின்ல இருந்து வந்த ஜோடி வேணும். ரெசிஸ்டன்ட் பய மெதுவா வளந்தான்னா ரெண்டையும் "நாலு மணி நேரம்"னு கணக்குப் பாத்து எடுக்கக் கூடாது, ஒண்ணு வளந்துக்கிட்டு இருக்கும் இன்னொண்ணு ஓய்ஞ்சிருக்கும், OD (கல்ச்சரோட கலங்கல் அளவு) பாத்து ஒரே கட்டத்துல எடுங்க. மருந்தை எம்ஐசிக்கு (வளர்ச்சியை நிறுத்துத குறைஞ்சபட்ச அளவுக்கு) மேல ஊத்திட்டு சாகுத செல்லைப் பிடிச்சு ரெசிஸ்டன்ஸ்னு சொல்லுததும் உண்டு. எல்பி ப்ராத்லயே அமினோ ஆசிட் நிறைய கிடக்கு, அதனால பாக்டீரியா போடாத வெறும் மீடியாவையும் அதே மாதிரி பில்டர் பண்ணி ஒரு பிளாங்க் கொண்டாங்க. ஒரே பிளாஸ்க்கை மூணு டியூப்ல ஊத்துனா அது மூணு ரெப்ளிகேட் (தனித்தனியாத் திரும்பச் செஞ்ச சோதனை) ஆகாதுங்க, தயவுசெஞ்சு, தனித்தனி காலனில இருந்து தனித்தனியா வளத்துக் கொண்டாங்க.

இனி கோவமாவே சொல்லுதேன். மெரோபெனம் கேக்காத கிளெப்சியெல்லாவை உயிரோட, சோத்துப் பை பக்கத்துல, கூட்டமா இருக்க பஸ்ல வச்சுக் கொண்டு வரலாமா? மூடி லேசா லூசானா என்ன ஆகும்? உயிருள்ள கல்ச்சர் போகணும்னா மூணு அடுக்கு பேக்கிங், லேபிள், அதுக்குன்னு உள்ள கூரியர். எக்ஸ்ட்ராக்ட் எடுத்த பொறவும் ஒரு சொட்டு பிளேட்ல போட்டு ஒண்ணும் முளைக்கலன்னு பாத்துக்கிட்டுத்தான் லேப்பை விட்டு வெளிய கொண்டு போகணும், பேசில்லஸ் மாதிரி ஸ்போர் உள்ளது மெத்தனாலுக்குச் சாகாது. மிச்சக் கல்ச்சரை 121 டிகிரில ஆட்டோகிளேவ் பண்ணிட்டுத்தான் கொட்டணும், அந்தத் தண்ணி சுத்திச் சுத்தி தாமிரபரணிக்குத்தான் போகும். ஆனா சால்வென்ட் கழிவை ஆட்டோகிளேவ்ல வைக்காதீங்க, மெத்தனால் ஆவி தீப்பிடிக்கும். அதுக்குத் தனி கேன் வச்சு மூடிப் போட்டு வைங்க, கேன்ல என்ன இருக்குன்னு எழுதி ஒட்டுங்க.

எழுதுததுன்னதும் ஞாபகம் வருது. மார்க்கர்ல டியூப் மேல பேர் எழுதாதீங்க, மெத்தனால் கை பட்டாலே அழிஞ்சிரும். ஸ்டிக்கர்ல பென்சிலால எழுதி மூடிலயும் உடம்புலயும் ரெண்டு இடத்துல ஒட்டுங்க. சாம்பிள் எடுக்கதுக்கு முன்னால ஒரு போன் போடுங்க, எடுத்த பொறவு இல்ல.