டெம்பரேச்சர் காம்பன்சேஷன்: வெப்பநிலை ஈடுசெய்தல்

காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று எச்சரிக்கும் பார்க்கிங் சென்சார்களின் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், 'டெம்பரேச்சர் காம்பன்சேஷன்' என்றொரு வரி இருக்கும். தமிழில் இதை 'வெப்பநிலை இழப்பீடு' என்று எழுதிவிடுகிறார்கள். அகராதியில் காம்பன்சேஷனுக்கு எதிரே முதலில் கண்ணில் படுவது இழப்பீடுதான் என்பதால் வரும் பிழை இது. இழப்பீடு என்பது விபத்தில் அடிபட்டவருக்கும் நிலம் பறிபோனவருக்கும் கொடுப்பது. சென்சாருக்கு யாரும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. இங்கே பொருந்தும் சொல் 'ஈடுசெய்தல்'. ஏன் என்று புரிய, முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பம்பரில் பதித்த அந்த வட்ட உணரி தொலைவை அளப்பதே இல்லை. அது அளப்பது நேரத்தை. காதுக்கு எட்டாத மீயொலியை, பெரும்பாலும் 40 முதல் 58 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில், ஒரு சிறு துடிப்பாக அனுப்புகிறது. சுவரில் பட்டு எதிரொலி திரும்பும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணுகிறது. அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, போகவும் வரவும் இரண்டு வழி என்பதால் பாதியாக்கினால் தொலைவு கிடைக்கும். ஒரு மீட்டர் தள்ளியுள்ள சுவருக்கு 20 டிகிரி செல்சியஸில் ஆகும் நேரம் 5.8 மில்லிநொடி.

சிக்கல் 'ஒலியின் வேகம்' என்ற இடத்தில்தான். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுதலாக ஓடும். 0 டிகிரியில் 331 மீட்டர், 20-இல் 343, 40-இல் 355, மைனஸ் 20-இல் 319. காற்றழுத்தம் மாறினால் வேகம் ஏறக்குறைய மாறாது. ஈரப்பதத்தின் பங்கு மிகச் சிறியது. ஆகவே கவலைப்படவேண்டியது வெப்பநிலையைப் பற்றித்தான்.

சென்சார் 343 என்றே நம்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 40 டிகிரி வெயிலில் எதிரொலி சீக்கிரமே வந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை 97 சென்டிமீட்டர் என்று காட்டும். பரவாயில்லை, கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடிப்போம். ஆனால் மைனஸ் 20 டிகிரிக் குளிரில் எதிரொலி தாமதமாக வரும். அதே சுவர் 108 சென்டிமீட்டர் என்று தெரியும். சுவர் இருப்பதைவிடத் தள்ளி இருக்கிறது என்று காரிடம் சொல்வது ஆபத்து. வெயிலில் வரும் பிழையும் குளிரில் வரும் பிழையும் ஒன்றல்ல என்பதை ஈடுசெய்தல் பற்றிப் பேசும் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். காம்பன்சேஷனின் வேர் இலத்தீனில் 'காம்பென்ஸாரே'. 'சேர்த்து எடைபோடுதல்' என்பது நேர்ப்பொருள்: தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டில் வைத்துச் சமன் பார்ப்பது. பொறியியலில் இந்தப் பொருளை நிலைநாட்டியவர்கள் கடிகாரம் செய்தவர்கள். வெயில் காலத்தில் பெண்டுலத்தின் கம்பி நீண்டு கடிகாரம் மெதுவாக ஓடும். 1720களில் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கினார். எஃகு கீழ்நோக்கி நீளும். பித்தளை மேல்நோக்கி நீளும். மொத்த நீளம் மாறாது. இதற்குப் பெயரே காம்பன்சேஷன் பெண்டுலம். வெப்பம் கம்பியை நீட்டுவதை அவர் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீளட்டும் என்று விட்டு, எதிர்ப்பக்கம் அதே அளவு ஒன்றை வைத்தார். ஒலியின் வேகம் வெப்பநிலையோடு கூடும் என்பதும் அதே நூற்றாண்டில்தான் தெரியவந்தது. 1740-இல் இத்தாலியின் பியான்கோனி அதைச் சோதித்துக் காட்டினார்.

தமிழ் 'ஈடு' இதே வேலையைச் செய்யும் சொல். 'இடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பெயரானது ஈடு. சுடு சூடு ஆனதும், கெடு கேடு ஆனதும் இதே வழியில்தான். இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். இட்டது, வைத்தது என்பது அடிப்படைப் பொருள். இட்லித் தட்டில் ஒருமுறை ஊற்றி எடுப்பதை இன்றும் 'ஒரு ஈடு' என்கிறோம். ஒன்றுக்குப் பதிலாக வைத்தது என்ற பொருளில் நகையை ஈடு வைக்கிறோம். சமமானது என்ற பொருளில் 'ஈடு இணை இல்லை' என்கிறோம், 'ஈடுகொடுத்து ஓடினான்' என்கிறோம். இழப்பீட்டுக்குள்ளும் இதே ஈடுதான் இருக்கிறது. முன்னால் ஒட்டிய 'இழப்பு'தான் பொருளைக் குறுக்கிவிட்டது. அதைக் கழற்றிவிட்டால் வேண்டிய சொல் மிஞ்சுகிறது.

'வெப்ப ஈடு' என்று சுருக்குவதும் வேண்டாம். வெப்பம் ஆற்றல், வெப்பநிலை ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்லும் வேறொரு கணக்கு. அதேபோல 'அளவுத்திருத்தம்' என்பது காலிபரேஷன். தொழிற்சாலையில் ஒருமுறை செய்துவிட்டு அனுப்புவது அது. ஈடுசெய்தல் வண்டி ஓடும்போதெல்லாம் நடந்துகொண்டே இருப்பது.

எப்படி நடக்கிறது? காரில் வெளிக்காற்றின் வெப்பநிலையைப் பார்க்கும் உணரி ஏற்கெனவே இருக்கும். அந்த எண்ணை வாங்கி, கணினி அந்த நேரத்துக்கான ஒலிவேகத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால் ஒலி பயணிப்பது பின்பக்கக் காற்றில். வெப்பநிலை பார்ப்பது வண்டியின் வேறொரு மூலையில், வெயிலில் காய்ந்த உலோகத்துக்குப் பக்கத்தில். காற்று 35 டிகிரியாக இருக்க, உணரி 50 என்று சொன்னால் ஒரு மீட்டர் 102 சென்டிமீட்டராகத் தெரியும். ஈடு அதிகமாகிப் பிழை ஆபத்தான பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இன்னொரு பொருளிலும் இந்தச் சொல் வரும். உணரிக்குள் மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீசோ பீங்கானின் இயல்பு அதிர்வெண் வெப்பநிலையோடு நகரும். காற்று மீயொலியை உறிஞ்சும் அளவும் மாறும். எதிரொலி பலவீனமாகலாம். அதற்கேற்ப அனுப்பும் அதிர்வெண்ணையும் எதிரொலியை ஏற்கும் வரம்பையும் மாற்றுவதும் வெப்பநிலை ஈடுசெய்தலே. டேட்டாஷீட்டைப் படிக்கும்போது வேகத்தைச் சொல்கிறார்களா, எதிரொலியின் வலிமையைச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி புராஜெக்ட்டுகளில் பயன்படுத்தும் ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சாரில் இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். எதிரொலி திரும்ப ஆகும் மைக்ரோநொடியை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் என்று நிரலில் எல்லோரும் எழுதுவோம். அந்த 58 எங்கிருந்து வந்தது? ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் வருவது. அதாவது 22 டிகிரி அறை. 40 டிகிரி மொட்டைமாடியில் இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரை அது 194 சென்டிமீட்டர் என்று காட்டும். அங்கே 56.4-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வெப்பநிலை உணரியைச் சேர்த்து, வேகத்தை '331.3 + 0.606 × வெப்பநிலை' என்று ஒரே வரியில் கணக்கிட்டால் போதும். அந்த வரிக்கு மேலே கமென்ட்டில் 'வெப்பநிலை ஈடுசெய்தல்' என்று தாராளமாக எழுதலாம்.