கஷ்டப்பட்டால்தான் கலை வருமா?

"கஷ்டப்பட்டவனுக்குத்தான் கலை வரும்" என்று மதுரைப் பக்கம் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள், உடனே பாரதியைக் காட்டுவார்கள். 1904-ல் இங்கே சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார், பிறகும் பணக்கஷ்டம் அவரை விடவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அதே வறுமையில் ஒரு வரிகூட எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் தெரியாததால் நாம் அவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பணக்கஷ்டம் மூளையை என்ன செய்கிறது என்பதை நம் தமிழ்நாட்டு விவசாயிகளிடமே சோதித்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வரின் ஆய்வு, 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு வெட்டுக்கு முன்பு ஒரு தடவை, ஆலைப் பணம் வந்தபின் ஒரு தடவை, படப் புதிரில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் சோதனை வைத்தார்கள். வெட்டுக்கு முன்னால் நகை அடகில் இருக்கும், கைமாற்று வாங்கியிருப்பார்கள். கரும்பு போட்டுப் பழகிய அலங்காநல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பணம் வந்தபின் அதே ஆட்கள் தெளிவாகவே நன்றாகச் செய்தார்கள். ஆலை ஆளுக்கொரு தேதியில் வெட்டச் சொல்வதால் பருவம் மாறியதுதான் காரணம் என்றும் தள்ளிவிட முடியாது.

மனதில் ஒரே நேரத்தில் வைத்துப் புரட்டக்கூடிய விஷயங்கள் சொற்பம். வட்டி கட்டும் தேதி அதில் இடம்பிடித்துக்கொண்டால் மிச்சத்தில்தான் மற்ற யோசனையெல்லாம். இந்தச் சோதனை கலைத்திறனை அளக்கவில்லை, சரி. ஆனால் எங்கெங்கோ கிடக்கும் இரண்டு எண்ணங்களைச் சேர்த்துப் பார்க்கிற வேலைக்கும் அதே இடம்தானே வேண்டும்?

அப்புறம், கட்டுப்பாடு வேறு, இல்லாமை வேறு. வெண்பாவில் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை, தட்டக்கூடாது, ஈற்றடி முச்சீரில் முடிய வேண்டும். இப்படி வழி அடைபடும்போது மனசு பழகிய சொல்லை விட்டுப் புதுச்சொல் தேடும், அது கற்பனைக்கு நிஜமாகவே நல்லது. ஆனால் அந்தக் கட்டைக் கவிஞர் தானே விரும்பிப் போட்டுக்கொள்கிறார், அது அவர் சோற்றில் கைவைப்பதில்லை.

பங்குனி, சித்திரையில் ஊர் ஊராக வாசிக்கிற நையாண்டி மேளக்காரர்கள் பலர் விழா இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகிறார்கள். சாதகம் பண்ண வேண்டிய கை செங்கல் சுமக்கிறது. கஷ்டம்தான் இவர்கள் கலையைக் காப்பாற்றுகிறது என்று மேடையில் பேசுகிற விழாக் கமிட்டிகள், அட்வான்ஸில் ஒரு பங்கை ஐப்பசி, கார்த்திகையிலேயே கொடுத்துவிடலாம்.