ஜஸ்ட் இன் டைம்: உரிய நேர வழங்கல்

கார் ஆலைக்கு உதிரிபாகம் ஏற்றிவரும் லாரி தாமதமானால் உற்பத்தி லைன் நிற்கும். சரி, அரை நாள் முன்பே வந்துவிட்டால்? அதுவும் தப்புதான். சரக்கை இறக்கி வைக்க இடம் வேண்டும், அதில் பணம் முடங்கும், பழுதான பாகம் இருந்தால் குவியலுக்குள் மறைந்துகொள்ளும். தேவையான பாகம், தேவையான அளவில், தேவைப்படும் நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதே ‘ஜஸ்ட் இன் டைம்’.

அன்றாட ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்கு, ‘நல்லவேளை, கடைசி நிமிஷத்தில் வந்து சேர்ந்தது’ என்பதுபோன்ற பொருள்தான். அதைத் தொழிற்சாலைச் சொல்லாக்கியவர் ஒரு ஜப்பானியர்: டொயோட்டா மோட்டாரை நிறுவிய கீச்சிரோ டொயோடா, 1930-களில். போருக்குப் பிறகு அதை நடைமுறையாக வளர்த்தவர் டொயோட்டா பொறியாளர் தைச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரியை நிரப்புகிறார்களே, அதுதான் அவருக்கு முன்மாதிரி.

கூடவே வரும் சொல் ‘கன்பன்’. ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். ஆலையில் அது ஓர் அட்டை. பாகத்தின் எண், பெட்டிக்கு எத்தனை, எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெட்டியிலிருந்து முதல் பாகத்தை எடுக்கும்போது அட்டையைக் கழற்றிவிடுவார்கள். அது திரும்பிப் போவதுதான் அடுத்த பெட்டிக்கான ஆர்டர். இருக்கைகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: லைனில் எந்தக் காருக்குப் பின் எந்தக் கார் வருகிறதோ, அதே வரிசையில் இருக்கைகளும் வந்து இறங்கும்.

‘ஜஸ்ட் இன் டைம்’ என்பதைத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘உடனடி வழங்கல்’ சரிப்படாது. அது வேகத்தைச் சொல்கிறது. ‘குறித்த நேர வழங்கல்’ பரவாயில்லை, ஆனால் யாரோ முன்கூட்டியே நேரம் குறித்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. இங்கே நேரத்தை முடிவு செய்வது லைனின் தேவை. அதனால் ‘உரிய நேர வழங்கல்’ என்பதே என் தேர்வு. முந்தினாலும் பிந்தினாலும் அது உரிய நேரம் ஆகாதே! உற்பத்தி முறை முழுவதையும் குறிக்க ‘உரிய நேர உற்பத்தி’ எனலாம்.

இருப்பு குறைவு என்பதன் மறுபக்கம் 1997 பிப்ரவரி 1 அன்று தெரிந்தது. டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு செய்துவந்த ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. கையிருப்பு மிகக் குறைவாகவே இருந்ததால், ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றன. மற்ற சப்ளையர்கள் தங்கள் இயந்திரங்களில் அந்த வால்வைச் செய்து கொடுக்க, ஏறக்குறைய ஒரு வாரத்தில் உற்பத்தி மீண்டது. அதன் பிறகும் டொயோட்டா இந்த முறையைக் கைவிடவில்லை.