பாட்டு வரி வாக்குமூலம் ஆகாது

மறுபடியும் ஒரு நோட்டுப் புத்தகம். என்னிடம் வழக்கோடு வந்தவன் கறுப்பினப் பையன், பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவன் சுட்டான் என்பது குற்றச்சாட்டு; பார்த்த சாட்சி இல்லை. ஆனால் அரசுத் தரப்புக் கோப்பில் முதலிலேயே அவன் எழுதிய ராப் வரிகளின் நகல்; ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் மஞ்சள் மை. அதே பக்கத்தின் ஓரத்தில் அல்ஜீப்ரா வீட்டுப்பாடம் இருந்ததை யாரும் கோடிடவில்லை. நியூஜெர்சியில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுகிறவன் நான். இது எனக்குப் பழகவில்லை, கோபம்தான் வருகிறது.

நம் ஆட்களிடம் சொன்னால், நன்றாகப் படித்தவர்கள்கூட, “அவனே கைப்பட எழுதியிருக்கிறானே, அப்புறம் என்ன?” என்கிறார்கள்.

அப்புறம் நிறைய இருக்கிறது. ராப்பில் ‘நான்’ என்பது வேஷம். எதிராளியை மிரட்டுவது, துப்பாக்கிப் பெருமை, இல்லாத பணத்தை இருப்பதாகச் சொல்வது எல்லாம் அந்த வடிவத்தின் வழக்கம். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பையனும் அப்படித்தான் எழுதுவான். துரியோதனன் வேஷம் கட்டி ஆடியவரை மறுநாள் சூது வழக்கில் பிடித்துப் போடுவோமா?

எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் ஸ்கின்னர் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) முன் ஸ்கின்னர் எழுதிய 13 பக்க ராப் வரிகளை வாசித்திருந்தார்கள். அவற்றில் சில, சம்பவத்துக்குப் பல வருடம் முன்பு எழுதியவை. ஷெரீபை, அதாவது ஊர்ப் போலீஸ் தலைவரை, சுட்டதாகப் பாடிய பாடகர் பாப் மார்லி நிஜமாகவே சுட்டார் என்று யாராவது நினைப்பார்களா என்று கேட்டது நீதிமன்றம். வரியில் உள்ள விவரத்துக்கும் குற்றத்துக்கும் வலுவான தொடர்பு இருந்தால்தான் ஏற்கலாம் என்றது. நியாயமான விதி. கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய தகவல் பாட்டில் இருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன்.

கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில் யங் தக் என்ற ராப் பாடகரின் வழக்கு நீதிபதி அவர் வரிகளை நிபந்தனையோடு அனுமதித்தார். மாநிலத்துக்கு மாநிலம் தலைவிதி மாறுகிறது.

ஜூரி தானே பிரித்துப் பார்த்துவிடும் என்று நம்பாதீர்கள். கேரி ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நாட்டுப்புறப் பாடல் ஒன்றின் வரிகளை ராப் என்று சொல்லிச் சிலருக்கும், கன்ட்ரி இசை என்று சொல்லி வேறு சிலருக்கும் கொடுத்தார். வரி ஒன்றேதான். ராப் என்று நம்பியவர்களுக்கு அது அதிக ஆபத்தானதாகப் பட்டது. இத்தனைக்கும் மேல், ராப்புக்கு அர்த்தம் சொல்லும் ‘நிபுணர்’ என்று கூண்டேறுகிறவர் பல வழக்குகளில் ஒரு போலீஸ் அதிகாரி!

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் தேதி போடச் சொல்லுங்கள், திருத்திய படிகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஊரில் நடந்த சண்டையை, நிஜப் பெயரை வரியில் இழுக்க வேண்டாம். கைதுக்குப் பிறகு பயந்துபோய்ப் பதிவுகளை அழிக்காதீர்கள், தடயத்தை அழித்ததாக இன்னொரு வழக்கு வரும். சிறை தொலைபேசியில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, எல்லாம் பதிவாகிறது. போலீஸ் மரியாதையாகக் கேட்டார்கள் என்று நோட்டையும் போனையும் நீங்களே எடுத்து நீட்டாதீர்கள்; வாரன்ட் இருந்தால் தடுக்காதீர்கள், இல்லையென்றால் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள். இந்தப் பையனின் நோட்டை எடுத்துக் கொடுத்தது அவன் அம்மாதான்.

குடியுரிமை வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூரி அழைப்பு வந்தால் சாக்குச் சொல்லாமல் போங்கள். அங்கே வரிகளை வாசித்தால், இந்தச் சம்பவத்தின் எந்த விவரம் அதில் இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள்.